சோரியாசிஸுக்கு டிசெபிலிட்டி பென்ஷன்: அப்பீலா, மறு போர்டா, டிரிப்யூனலா?

போன தை மாதம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காருமுன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் விரித்தார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்தபோது அதே துண்டை நாலாக மடித்து, வாசலுக்குப் போய் உதறிவிட்டு வந்தார். முழங்கை, முழங்கால், இடுப்பில் பெல்ட் இறுக்கும் இடம், எல்லாம் வெள்ளைச் செதில். 22 வருடம் ராணுவத்தில் இருந்து 2022 ஜூலையில் வீடு வந்தவர்.

"ஒட்டுவாரொட்டி இல்லண்ணே, பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாரு. ஊர்ல யாரு நம்புறா? எம் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க வந்தவுக என் கையைப் பாத்துட்டு காபிகூடக் குடிக்காமப் போயிட்டாக."

மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டிய கடிதத்தில் இருந்தது ஒரே விஷயம். ஊனம் 20 சதவீதம், ஆயுள் முழுக்க. ஆனால் நோய் சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை; எனவே டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாது. பட்டாளத்துக்காரர்கள் வாயில் இதற்கு 'நானா' (NANA, Neither Attributable Nor Aggravated) என்று பெயர். அந்த நாலு எழுத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் திருமங்கலம், பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் எத்தனையோ பேர். பலர் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அவருக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர் அப்பீல் போடு என்றார். மச்சான், இன்னொரு தடவை மெடிக்கல் போர்டு கேள் என்றார். டீக்கடையில் அறிமுகமான ஒருவர், நேராக மெட்ராஸில் கேஸ் போடு, வருகிற அரியரில் கால்வாசி எனக்கு என்றாராம். "எதுண்ணே சரி?" என்பதுதான் கேள்வி.

நான் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. அடுத்தவர் மெடிக்கல் பேப்பர்களைக் கோப்பில் தைத்தே பாதி வயது கழிந்தது. அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை, இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில், எதைக் கேட்கிறோம்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கோரிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். விதிகளில் இரண்டு வாசல் இருக்கிறது. நோய் சர்வீஸால் வந்தது என்பது ஒன்று. உடம்பில் இருந்த நோய்க்கூறு சர்வீஸால் கிளம்பியது, கூடியது என்பது இன்னொன்று. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் கிடைக்கிற தொகை ஒன்றுதான்.

பூட்ஸ் தோலைப் பதப்படுத்தும் குரோமியத்தால் காலில் வரும் ஒவ்வாமைப் புண்ணுக்கு முதல் வாசல் சரி. பேட்ச் டெஸ்ட் செய்தால் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பொருள் அரசாங்கம் கொடுத்த பூட்ஸில் இருக்கிறது. அதற்குமேல் வாதம் நீளாது.

சோரியாசிஸ் அப்படி இல்லை. சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள், தமிழ் மருத்துவ நூல்களில் செதில் உதிர் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதால் வருவது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் போர்டு 'கான்ஸ்டிடியூஷனல்' (உடல்வாகால் வந்தது) என்ற ஒரு சொல்லை எழுதிக் கோப்பை மூடுகிறது. நாம் போய், ராணுவம்தான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தது என்று நின்றால், அவர்களுக்கு வசதியான இடத்தில் நாமே போய் நின்ற மாதிரி. அதனால் சோரியாசிஸ்காரருக்கு இரண்டாவது வாசல்தான் என்பது என் தீர்மானமான கருத்து. வித்து எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றியது எது என்று காட்டுங்கள்.

காட்டுவதற்கு மருத்துவம் நிறையவே கொடுத்திருக்கிறது. உராய்ந்த இடத்திலும் காயம்பட்ட இடத்திலும் புதுத் திட்டு கிளம்புவது இந்த நோயின் குணம். டாக்டர்கள் கோப்னர் விளைவு என்பார்கள். பிட்டு (முதுகுப் பை) வார் அழுத்தும் தோள், பெல்ட் இறுக்கும் இடுப்பு, பூட்ஸ் விளிம்பு தேய்க்கும் கணுக்கால், ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்த முழங்கை என்று திட்டு இருக்கும் இடங்களை ஒரு படத்தில் குறித்துப் பாருங்கள், நீங்கள் போட்டிருந்த சாமான்களின் படமாகவே அது வரும். குளிரும் வறண்ட காற்றும் கூட்டும். தூக்கமில்லாத ராத்திரியும் மன அழுத்தமும் கூட்டும். தொண்டைத் தொற்று கிளப்பிவிடும். குளோரோகுயின் வகை மலேரியா மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் சிலருக்குக் கிளப்பும். உங்களுக்கு அப்படி மாத்திரை கொடுத்தது பதிவில் இருந்தால் அது உங்கள் மனுவில் தனிப் பத்தியாக வர வேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஜூலை 2 அன்று சொன்னதை ஒவ்வொரு முன்னாள் படைவீரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உடல்நலம் கெட்டால் அது சர்வீஸால் என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். அந்த வழக்கு வலிப்பு நோய் பற்றியது. கொள்கை தோலுக்கும் பொருந்தும். 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதையே சொன்னது.

ஆனால் இதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே உச்சநீதிமன்றம், மனநோய் விஷயத்தில், போர்டின் முடிவை ஏற்றுப் பென்ஷனை மறுத்தது. சேரும்போது நோய் இல்லை என்பது மட்டுமே எல்லா நேரத்திலும் போதாது, ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தன்மையில் பார்க்க வேண்டும் என்றது. அனுமானம் நமக்குக் கிடைத்த ஆரம்பம்தான். அதன்மேல் காகிதம் வைக்க வேண்டும்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 21-லிருந்து புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் பழையவர்களின் மனுவைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். இங்கே நான் எழுதுவது முக்கியமாக அதற்கு முன் வந்தவர்களுக்கு.

பணம் எவ்வளவு?

கடைசியாக வாங்கிய கணக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது 100 சதவீத ஊனத்துக்கான தொகை. 20 சதவீத ஊனம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சம்பளத்தில் 6 சதவீதம். ஆனால் 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம், முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் ரவுண்டிங், அதாவது ஊன சதவீதத்தை மேலே ஏற்றிக் கணக்கிடுவது, உண்டு என்றது. அதன்படி 20-ஐ 50 ஆக்கினால் சம்பளத்தில் 15 சதவீதம். கடைசிச் சம்பளம் 45,000 என்று வைத்துக்கொண்டால் 2,700 ரூபாய் 6,750 ஆகிறது, அதற்கு மேல் அகவிலைப்படி. மனுவில் ரவுண்டிங்கைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டவர்கள் அதற்கென்று மறுபடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி வழிகள்

மறு போர்டை முதலில் ஒதுக்கிவிடலாம். உசிலம்பட்டித் தம்பிக்கு சதவீதத்தில் சண்டை இல்லை, காரணத்தில்தான் சண்டை. புதிய போர்டு அவர் தோலைப் பார்த்து 20 என்றோ 30 என்றோ போடும். காரணக் கட்டத்தில் மறுபடி 'நானா' விழுந்தால் முன்பு ஒன்றாக இருந்த எதிர்க் காகிதம் இரண்டாகிவிடும். மறு போர்டு யாருக்கு உதவும் என்றால், சர்வீஸ் முடித்து வந்தவரில் 20-க்குக் கீழே போடப்பட்டவருக்கு. 20 இல்லாமல் அவர்களுக்குக் கதவே திறக்காது. ஏற்கெனவே பென்ஷன் வாங்கி, நோய் முற்றியவருக்கும் அது உதவும். சோரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும் மூட்டுவாதம் வரும். விரல் கணு வீங்கி, காலையில் எழுந்தவுடன் கை மடங்காமல் இருந்தால் அதைத் தோல் டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். பலர் வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

போர்டுக்குப் போகிறவர்களுக்கு மனசாரச் சொல்கிறேன், மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நம்ம மதுரை வெயில் இந்த நோய்க்குப் பாதி மருந்து. சித்திரையில் போனால் தோல் அடங்கியிருக்கும், போர்டு குறைத்துப் போட்டுவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. அதற்காக ஸ்டீராய்டு சாப்பிட்டு வருகிறவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளமாகவோ தீப்பட்ட மாதிரிச் சிவந்தோ ஆஸ்பத்திரியில் கிடக்கும்படி ஆகிவிடும். உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் மார்கழி, தையில் நோய் கிளம்பும்போது தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விரல்களோடு சேர்த்து ஒருவரது உள்ளங்கை அவர் உடம்புப் பரப்பில் சுமார் 1 சதவீதம். எத்தனை உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கிறது என்று பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவிலோ இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கிலோ ஓ.பி. சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது அப்பீல். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். நம் சர்வீஸ் கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் மூலமாகப் போகிறது. வக்கீல் வேண்டாம், செலவு தபாலுக்கு மட்டும். குறை என்னவென்றால், போர்டு சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பி எழுதி அனுப்புவது இங்கே சாதாரணம். அப்படியானால் எதற்கு அப்பீல் என்று கேட்கலாம். இரண்டு காரணம். இருக்கிற வழிகளை முயன்று பார்க்காமல் வந்தவரின் மனுவை டிரிப்யூனல் சாதாரணமாக ஏற்காது என்று 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு ஒரு வசதியும் தருகிறது. அப்பீல் போட்டு ஆறு மாதம் பதிலே வரவில்லை என்றால், அந்த வழியை முயன்றதாகவே கணக்கு. இரண்டாவது காரணம், உங்கள் கதையைக் கோர்வையாக, தேதியோடு, முதல்முறையாக அரசாங்கக் கோப்பில் ஏற்றும் இடம் இதுதான். ரிலீஸ் மெடிக்கல் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தில் உங்கள் வாயால் சொன்னது எத்தனை வரி இருக்கிறது? எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது டிரிப்யூனல். நமக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. உயர்நீதிமன்றத்துக்கு மதுரையில் 2004-லிருந்து கிளை இருப்பதால் பலர் ஒத்தக்கடைப் பக்கம் வக்கீலைத் தேடுகிறார்கள்; இந்த வழக்கு முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை. போர்டு காரணம் எழுதவில்லை என்பதைப் பார்த்து, முடிவை மாற்றும் அதிகாரமும் மனமும் உள்ள இடம் டிரிப்யூனல்தான் என்று நான் நினைக்கிறேன். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் சட்டம் விடுகிறது. ஆனால் ஒரு சோரியாசிஸ் வழக்கை அப்படி நடத்த நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ராணுவப் பென்ஷன் வழக்கு நடத்திப் பழகிய வக்கீல் வேண்டும். அரியரில் சதவீதம் கேட்கிறவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணவரை இழந்தவர் வழக்கு நடத்துவதாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். ஜெயித்த பிறகும் ஒரு சிரமம் இருக்கிறது. டிரிப்யூனல் உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகலாம் என்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்துவிட்டதால், அரசாங்கம் அங்கே போகக்கூடும். உத்தரவு வந்ததும் பணம் வந்துவிடும் என்று கடன் வாங்கிக் கல்யாணம் பேசாதீர்கள்.

அப்பீலுக்கும் டிரிப்யூனலுக்கும் நடுவில் ஒரு நுணுக்கமான கணக்கு இருக்கிறது. தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்சநீதிமன்றம், பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம், ஆனால் அரியர் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வைத்தது. ரிலீஸ் ஆகி மூன்று வருடம் தாண்டியவர் ஒவ்வொரு மாதமும் சும்மா இருக்க, ஒரு மாதப் பணம் கரைகிறது. ஆகவே என் முடிவு: காலம் கடந்திருந்தாலும் தாமதத்துக்கு விளக்கம் எழுதி அப்பீலை உடனே போடுவது, ஆறு மாதம் முடிந்த மறுநாள் டிரிப்யூனலுக்குப் போவது. இரண்டாவது அப்பீலுக்காக இன்னொரு வருடம் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நல்ல உடல்தகுதியோடு ரிலீஸ் ஆகி, ஊருக்கு வந்தபின் நோய் தலைகாட்டியவர்களுக்கும் குறிப்பிட்ட வருட வரம்புக்குள் கேட்க விதியில் இடம் உண்டு. ஆனால் சர்வீஸில் தொடங்கிய கோளாறுதான் பிந்தி வெளியே வந்தது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட வேண்டும். நாலு வழியில் இதுதான் செங்குத்தானது. லோ மெடிக்கல் (உடல்தகுதி குறைந்த நிலை) ஆகிவிட்டால் பிரமோஷன் போய்விடும் என்று பயந்து, லீவில் வந்து வெட்பாலைத் தைலம் வாங்கிப் போய்ப் போர்வைக்குள் தடவிக்கொண்ட ஆட்கள் எனக்குத் தெரியும். அவர்கள் மறைத்ததில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோப்பில் அவர்கள் ஆரோக்கியமானவர்கள்.

ஒரு சீட்டு

திரும்ப உசிலம்பட்டித் தம்பியிடம் வருகிறேன். அவர் கோப்பில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நோய் 2008-ல் ஓர் அமைதிப் பகுதியில் தொடங்கியது என்று போர்டு எழுதியிருந்தது. எல்லை இல்லை, பனி இல்லை, அதனால் சர்வீஸ் நெருக்கடியும் இல்லை என்பது அவர்கள் வாதம். நான் அவரை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எந்த வருடம் எந்த ஊர், எதிர்ப்பக்கம் தோல் எப்படி இருந்தது. எழுதிக்கொண்டே வந்தவர் 2007-ல் நிறுத்தினார்.

"லடாக்குல இருந்தப்பவே முழங்கைல ஒரு வட்டம் இருந்துச்சுண்ணே. படர்தாமரைன்னு களிம்பு குடுத்தாக."

"சீட்டு இருக்கா தம்பி?"

மறுநாள் வந்தார். சாமி படம் ஒட்டிய ஒரு டைரிக்குள், நாலாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய எம்.ஐ. ரூம் (யூனிட் மருத்துவ அறை) சீட்டு. களிம்பின் எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. 2007 டிசம்பர் தேதி. இடது முழங்கை, செதிலோடு கூடிய திட்டு, பூஞ்சையாக இருக்கலாம் என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இடது முழங்கையில்தான் 2008-ல் பயாப்ஸி எடுத்து சோரியாசிஸ் என்று உறுதிசெய்தார்கள். ஆக, நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில் அல்ல. பெயர் வைத்தது மட்டும்தான் அங்கே.

இந்த மாதிரிச் சீட்டு உங்கள் பெட்டியிலும் இருக்கலாம். இல்லையென்றால் சேர்க்கைப் பரிசோதனைத் தாள், இடையில் நடந்த போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 படிவங்கள், ஆஸ்பத்திரிக் கோப்பு, போஸ்டிங் விவரம் ஆகியவற்றை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரெக்கார்டு ஆபீஸில் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். மனு எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அவருடைய அப்பீல் மூன்றரைப் பக்கம் வந்தது. சேரும்போது தோல் சுத்தம் என்ற பதிவு முதல் பத்தி. லடாக் சீட்டு இரண்டாவது. பிறகு ஒவ்வொரு குளிர்கால போஸ்டிங்கும், அதற்குப் பின் வந்த ஆஸ்பத்திரி அட்மிஷனும் தேதி வாரியாக. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்று ஒரு வரி. போர்டு காரணம் எழுதவில்லை என்று ஒரு பத்தி, தரம்வீர் சிங் தீர்ப்பைக் குறிப்பிட்டு. கடைசியில் ரவுண்டிங். சீட்டின் ஒரிஜினலை அனுப்பவில்லை. கலர் ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை லேமினேட் செய்யப் போனவரைத் தடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கச் சொன்னேன்.

மாசி கடைசியில் ரிஜிஸ்தர் தபாலில் போட்டோம். ஒப்புதல் அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. ஆவணியில் ஆறு மாதம் முடிகிறது. சென்னை வக்கீலிடம் காகிதங்களின் ஒரு செட் இப்போதே இருக்கிறது, வக்காலத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.